எதிர்பாராத செலவாம், எதிர்பாராத செலவு!

சென்னையில் பழைய வீட்டை இடித்துத் திருத்திய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பட்ஜெட் பதினாலு லட்சம் போட்டோம், இருபதைத் தாண்டிடுச்சு, எல்லாம் எதிர்பாராத செலவு" என்பார்கள். அடுத்த வாக்கியம் கட்டாயம் மேஸ்திரியைப் பற்றியதாக இருக்கும். ஏமாத்திட்டான், இழுத்தடிச்சான், சிமெண்டை வித்துட்டான். எனக்கு மேஸ்திரி மேல் அவ்வளவாகச் சந்தேகம் இல்லை மக்களே. சந்தேகமெல்லாம் அந்தப் பதினாலு லட்சத்தின் மேல்தான்.

நான் படிப்பது சிவில், மூன்றாம் வருடம். இது போதாதா சொந்தக்காரர்களுக்கு? "நீதான் இன்ஜினியராச்சே, கொஞ்சம் பாரு" என்று தாளை நீட்டிவிடுகிறார்கள். (டிகிரி இன்னும் கைக்கு வரவில்லை. ஆலோசனை இலவசம்.) இதுவரை ஏழெட்டுத் தாள் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் முதல் வரி டைல்ஸ், அடுத்தது மாடுலர் கிச்சன், அதற்கடுத்தது ஃபால்ஸ் சீலிங். சுவருக்குள் ஓடுகிற குழாய்க்கும் ஒயருக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே வரி: பிளம்பிங், எலக்ட்ரிக்கல் - 1 லட்சம். அந்த ஒரு லட்சம் எப்படி வந்தது என்று கேட்டால், "சும்மா ரவுண்டா போட்டேன்பா."

மற்றது எப்படி வந்தது என்று கேட்டால் சதுர அடிக் கணக்கு. 900 சதுர அடி ஃப்ளாட், சதுர அடிக்கு 1500, ஆக 13.5 லட்சம். (எண்கள் உதாரணத்துக்கு.) புது வீடு கட்டும்போதே இது தோராயக் கணக்குதான், பழைய வீட்டுக்கு இது கணக்கே இல்லை. ஐந்துக்கு ஏழு பாத்ரூம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 35 சதுர அடி. சுவரில் ஏழடி உயரம் டைல்ஸ் ஒட்டினால், கதவைக் கழித்தது போக, சுவர் மட்டும் 150 சதுர அடி. அதாவது அந்த 35 சதுர அடிக்குள் 185 சதுர அடி டைல்ஸ் வேலை. அதற்கு முன்னால் பழைய டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். தளம் ஒரு அடி தாழ்ந்திருந்தால் உள்ளே நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியை அள்ள வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், தண்ணீர் கசியாத பூச்சு பூசி, ஒரு நாளாவது தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது இந்தக் கடைசி வேலையை விட்டவர்களிடம்தான். பக்கத்து பெட்ரூமில் 35 சதுர அடிக்கு என்ன வேலை? பெயிண்ட், மிஞ்சினால் தரை. இரண்டுக்கும் ஒரே ரேட் என்றால் அது என்ன கணக்கு?

1980களில் கட்டிய கட்டிடத்தில் என்ன இருக்கும் என்பதும் ஒன்றும் ரகசியமில்லை. ஜி.ஐ. குழாய் போட்ட வீடு என்றால் இத்தனை வருடத்தில் உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கும். அன்றைக்கு ஒயர் இழுத்தது ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும், இன்றைக்கு அதே வீட்டில் இரண்டு ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அது தள்ளுகிற தள்ளில் சீலிங் பெயர்ந்து விழும். இதையெல்லாம் பாடப்புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. குழாயில் வருகிற பழுப்புத் தண்ணீரும் சீலிங்கில் தெரிகிற விரிசலும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. நாற்பது வருடக் குழாய் பழுதாகியிருப்பதை 'எதிர்பாராதது' என்று சொல்கிறவர் எதைத்தான் எதிர்பார்ப்பார்?

வீட்டுக்கு வெளியே இருக்கிற செலவும் அப்படித்தான். வேலை நடக்கும் இரண்டு மூன்று மாதம் எங்கே தங்குவது? பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கத்துக்குக் கடிவாளம் போட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான் என்று 2017-இல் சட்டமே வந்தது. மூன்று மாதத்துக்கு மட்டும் வீடு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், சட்டமெல்லாம் எங்கே போகிறது என்று தெரியும். அப்புறம் அந்த இடித்த குப்பை. மேலே சொன்ன ஒரு பாத்ரூமிலிருந்தே ஒரு யூனிட்டுக்குப் பக்கமாக வரும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து அதைத் தலையில் சுமந்து இறக்கும் சித்தாளுக்கு எந்தத் தாளிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை. "லாரிக்காரன் எங்கயாவது கொட்டிடுவான்" என்பதுதான் பட்ஜெட். அந்த எங்கயாவதுகளில் ஒன்று பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். பிறகு வெள்ளம் வந்ததும் அரசாங்கத்தைத் திட்டலாம்.

கிச்சன் கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் 'ஜி.எஸ்.டி. தனி' என்று இருக்கும். ஐந்து லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 90 ஆயிரம். இதுவும் 'எதிர்பாராதது' கணக்கில் வருகிறது, எழுதியே கொடுத்திருந்தும்! சிமெண்ட் வரி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 ஆனதும் என் சித்தப்பா பட்ஜெட்டையே குறைத்துவிட்டார். பழுதுபார்க்கும் வேலையில் சிமெண்டின் பங்கு எவ்வளவு என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, மேஸ்திரிக்கு வருவோம். மூன்று பேரிடம் ரேட் கேட்கிறோம். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "குழாய் மொத்தமும் மாத்தணும் சார், இருபது ஆகும்" என்கிறார். இன்னொருவர் பதினேழு. மூன்றாமவர் சுவரைத் தொடவே இல்லை, பதினாலு என்கிறார். யாருக்கு வேலை கிடைக்கும்? உண்மை சொன்னவரை "ரொம்பப் பேராசை" என்று அனுப்பிவிட்டு, நாம் கேட்க விரும்பிய எண்ணைச் சொன்னவரிடம் அட்வான்ஸ் கொடுக்கிறோம். பாதி இடித்தபின் அவர் "எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்கிறார். இப்போது அவரை விட்டால் வேறு வழியில்லை. இதில் ஏமாற்றியது அவர் மட்டுமா? திருட்டு மேஸ்திரிகள் இல்லை என்று சொல்லவில்லை. நேர்மையான மேஸ்திரிக்கு வேலை கிடைக்காத முறையில் நாம் ஆள் எடுக்கிறோம் என்கிறேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், அந்த மிச்ச ஆறு லட்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததால். நான் பார்த்தவரை அது பீரோவிலிருந்துதான் வருகிறது. அம்மாவின் வளையல், அத்தையின் ஆரம். சமையலறை பாதியில் நிற்கும்போது, காஸ் அடுப்பை ஹாலில் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் "நகையைக் குடேன், ஒரு வருஷத்துல மீட்டுடலாம்" என்றால் அவர் எப்படி மறுப்பார்? அவருக்கு வேலை முடிந்தாக வேண்டும். ஒரு வருடம் கழித்து வட்டி கட்டி மாற்றி வைப்பார்கள், மறுபடியும் மாற்றி வைப்பார்கள். செய்தித்தாளில் பக்கம் பக்கமாக வரும் நகை ஏல அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை. டைல்ஸ் என்ன நிறம் என்று அவரிடம் கேட்டிருப்பார்கள். பணம் பற்றாவிட்டால் யாருடையது போகும் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

"எல்லாத்தையும் எழுதினா இருபத்திரண்டு லட்சம்னு வரும், அப்புறம் வேலையே ஆரம்பிக்க முடியாதே" என்று அப்பா கேட்கிறார். ஆமாம், எங்கள் வீட்டிலும் தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது. நான் சொல்வதும் அதைத்தான். இருபத்திரண்டு லட்சம் இல்லையென்றால் பதினாலு லட்சத்துக்கு உண்டான வேலையை மட்டும் ஆரம்பிப்போம். குழாய், ஒயரிங், கசிகிற பாத்ரூம், சீலிங் கம்பி. இடித்துப் பார்த்தபின் தெரியப்போவதற்கு இரண்டு லட்சம் தனியாக, அதை வைத்து டைல்ஸ் தரம் உயர்த்தக் கூடாது. மாடுலர் கிச்சன் பிறகு. ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம், மேலே கம்பி துருப்பிடிப்பதை மறைத்துவிடும். கடன் வாங்கினால் வரிச் சலுகை உண்டே என்கிறார் சித்தப்பா. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனுக்கு வட்டிக் கழிவு வருடத்துக்கு 30 ஆயிரம்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்.

இவ்வளவையும் மீறிப் பதினாலிலேயே எல்லாம் முடியும் என்பவர்கள் தாளின் கடைசியில் இன்னொரு வரி எழுதட்டும்: 'அம்மாவின் நகை - 6 லட்சம்'. எழுதி அம்மாவிடம் காட்டட்டும். எங்கள் வீட்டுத் தாளில் போன ஞாயிற்றுக்கிழமை நானே எழுதிவிட்டேன். அப்பா இன்னும் பேசவில்லை. அம்மா ஃபால்ஸ் சீலிங்கை அடித்துவிட்டார்.