பழைய ஜீப்பில் எந்தக் குறைக்கு விலை உண்டு?

டேராடூன் பக்கம் வேலைக்கு வந்து சேரும் நம்ம ஊர்க்காரர்களுக்கு முதல் வருஷம் குளிரோடும், பிள்ளைகளின் ஹிந்தி பாடத்தோடும், சின்ன வெங்காயம் தேடுவதோடும் போய்விடும். இரண்டாம் வருஷம் மலை ஆசை வரும். சக்ராதா போகலாம், ஹர்சில் போகலாம், ஒரு ஜீப் மட்டும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். புது வண்டி விலையைக் கேட்டதும் பார்வை பழைய வண்டிப் பக்கம் திரும்பும். அப்புறம் என்னிடம் வருவார்கள். "சார், பேங்க்ல நீங்கதானே வண்டி லோன் எல்லாம் பார்க்கிறீங்க, குறை இல்லாத பழைய தார் ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன்."

அப்படி ஒன்று கிடையாது. அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

சேற்றுக்கும் பாறைக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் போவதற்கென்றே செய்த வண்டி இது. போயிருந்தால் அடிபட்டிருக்கும். போகாமல் நின்றிருந்தால் ரப்பரும் ஆயில் சீலும் காய்ந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் குறை இருக்கத்தான் செய்யும். ஆகவே, "குறை இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டு அலைவது வீண் வேலை. "இந்தக் குறைக்கு விலை போட முடியுமா" என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். முடியாது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடன் கொடுப்பதிலும் இதே கதைதான். ரிஸ்க்கே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை, ரிஸ்க்கை அளந்து பார்த்துக் கொடுத்த கடன்தான் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், வாங்கப் போகிறவர்கள் பயப்படுவதெல்லாம் விலை போடக்கூடிய குறைகளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு விடுவதெல்லாம் விலை போட முடியாத குறைகளை.

முதலில் பயமுறுத்தும் குறைகள்.

வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டு. உடனே "இன்ஜின் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கியர் பாக்ஸ், அதற்குப் பின்னால் நாலு சக்கர இழுவைக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் ஒரு டிஃபரென்ஷியல், பின்னால் ஒன்று என்று சாதாரண காரைவிடக் கூடுதலாக ஆயில் பெட்டிகள் உள்ள வண்டி இது. எங்காவது ஒரு சீல் கசியும். எங்கே கசிகிறது, மாற்ற எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டால் தொகை சொல்லிவிடுவார்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் படபடவென்று ஆடுவது இன்னொன்று. ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப் மாதிரி முன்னாலும் ஒரே இரும்பு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் இது சகஜம். கிங் பின் பேரிங், டை ராட் எண்ட், வீல் பேலன்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்வார்கள். கியர் மாற்றும்போது அடியில் 'டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டாக இருக்கும். தொங்கிப்போன லீஃப் ஸ்பிரிங், தேய்ந்த கிளட்ச், கிழிந்த மேல் துணி, மொட்டை டயர் எல்லாவற்றுக்கும் கடையில் விலை உண்டு. 1985-ல் வந்த ஜிப்ஸி இப்போது உற்பத்தியில் இல்லைதான். ஆனால் ராணுவமும் போலீஸும் அதிகம் ஓட்டிய வண்டி என்பதால் அதன் கைவைத்தியம் தெரிந்த மெக்கானிக்குகள் வட இந்தியாவில் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.

நாலு சக்கர இழுவை லீவர் இறுக்கமாக இருந்தாலும் பதற வேண்டாம். வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் தார் ரோட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். இந்த வண்டிகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒரே கணக்கில் சுற்றும். பிடிப்பான ரோட்டில் வளைந்தால் உள்ளே பல் சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மண் தரைக்குக் கொண்டு போய், வண்டியை நிறுத்திவிட்டு 4எல்-லில் போடுங்கள். முன் சக்கரத்தில் ஹப் லாக் இருந்தால் முதலில் அதைத் திருப்ப வேண்டும். ஆக்ஸிலேட்டர் தொடாமலே வண்டி ஆமை மாதிரி ஊர வேண்டும். கடகட சத்தம் வந்தாலோ, லீவர் தானாக நழுவி வெளியே வந்தாலோ, அது பெரிய செலவு. ஆனால் செலவுதான், விலை உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. தார் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வந்துவிட்டது. ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்றவற்றில் இரண்டு வகையும் உண்டு. 4x4 என்ற ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். கீழே குனிந்து, முன் ஆக்ஸிலுக்கு ஒரு ஷாஃப்ட் போகிறதா என்று பார்ப்பதுதான் அத்தாட்சி.

இப்போது விலை போட முடியாத குறைகளுக்கு வருகிறேன். முதலிடம் சேஸிஸுக்கு.

இந்த வண்டிகளுக்கெல்லாம் அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். இன்ஜின், பாடி, ஸ்பிரிங் எல்லாமே அதன் மேல்தான். 2010-ல் வந்த பழைய தாருக்குக் கதவிலும் தரைத் தகட்டிலும் துரு பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். தகட்டுத் துருவுக்கு டிங்கரிங் இருக்கிறது, பட்டி இருக்கிறது, விலையும் இருக்கிறது. சேஸிஸ் துரு அப்படி இல்லை. வெளியே கையகலம் தெரிந்தால் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அளவே தெரியாத குறைக்கு எப்படி விலை போடுவது? ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், குறுக்குச் சட்டங்கள், பின்பக்க முனை ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று கேட்டால் வீட்டுக்குக் கிளம்புங்கள். கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் இன்னும் இரண்டு மடங்கு கவனம் தேவை.

விபத்தில் கோணிய சேஸிஸும் இதே வகைதான். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்தி, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். நன்றாகவே வித்தியாசம் தெரிந்தால் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

தண்ணீர் புகுந்த வண்டி பாதிக்குப் பாதி. டிஃபரென்ஷியல் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆறு கடந்த வண்டி என்று அர்த்தம்; ஆயில், பேரிங், சீல் என்று கணக்குப் போடலாம். இன்ஜின் ஆயிலே அந்த நிறத்தில் இருந்தால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பிரிக்காமல் சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள்.

போன வருஷம் எங்கள் காலனியில் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று இரண்டு தார் பார்த்தது. ஒன்று பளபளவென்று புது பெயின்ட், பெரிய டயர், மேலே வரிசையாக விளக்கு. இன்னொன்றில் மேல் துணி கிழிசல், கியர் பாக்ஸ் அடியில் ஆயில் ஈரம். வீட்டுக்காரருக்கு முதல் வண்டியின் மேல்தான் கண். அவர் மனைவிதான் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, மேலதான் பெயின்ட் அடிச்சேன்னு சொல்றாரு, அடியில ஏன் இவ்வளவு புது கறுப்பு?" என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. மெக்கானிக் சுரண்டினார். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வேறு தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தது. பின்னால் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு மசூரி வளைவுகளில் இறங்கும்போது அந்த வெல்டிங் விட்டால் என்ன ஆகும்? அவர்கள் ஆயில் ஒழுகும் வண்டியை வாங்கினார்கள். சீலும் துணியும் மாற்றி இப்போது நன்றாக ஓடுகிறது.

மூன்றாவது, பேப்பர். என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். சேஸிஸ் நம்பரைச் சுரண்டி மறுபடி பொறித்த அடையாளம் இருந்தால் அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். பழைய ஜீப்களில் வேறு இன்ஜின் மாற்றி வைப்பது வழக்கம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவை விலை இல்லாத குறைகள்.

விலை உள்ள பேப்பர் குறைகளும் உண்டு. ஹெச்.பி. கேன்சல் ஆகாத வண்டி என்றால், விற்பவர் கடன் அடைத்ததற்கு பேங்க்கின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். "அடுத்த வாரம் வாங்கித் தர்றேன்" என்ற பேச்சே வேண்டாம். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள்.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 10 வருஷம் கடந்த டீசல், 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4-க்குக் குறையாத வண்டிகளுக்கு மட்டும் என்றது. இதனால் டெல்லியில் விலை இறங்கிய வண்டிகள் மலைப்பக்கம் வருகின்றன. வண்டி நன்றாக இருக்கலாம். ஆனால் டெல்லி என்.ஓ.சி. கைக்கு வந்திருக்கிறதா, உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அந்த வயது வண்டியைப் பதிவு செய்வாரா என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நம்மைப் போல் மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும், அங்கே வரியும் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் மீதி வரியைத் திரும்பக் கேட்டு அலைவது தனிக் கதை. மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறைக்காரர் போன்றவர்களுக்கு 2021-ல் வந்த பி.ஹெச். பதிவு இதற்கு ஒரு வழி. சாதாரணப் பதிவில் உள்ள வண்டியையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2022 டிசம்பரில் விதி வந்தது. இதையெல்லாம் வண்டி விலையோடு கூட்டித்தான் 'மலிவு' என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக, எந்த மெக்கானிக்கும் குறை என்று எழுதித் தராத ஒரு குறை. 2010-ல் வந்த பழைய தாரில் ஏர்பேக் கிடையாது, பின் சீட் இரண்டும் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும். பழைய ஜீப்புகளும் இப்படித்தான். தனி ஆள் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போக வாங்கினால் அது அவர் பாடு. பிள்ளைகளை உட்கார வைத்து தினமும் ஸ்கூலுக்குப் போக வாங்கினால், என் கணக்கில் அது விலை இல்லாத குறை. அவர்கள் இன்னும் இரண்டு வருஷம் பணம் சேர்த்து, முன்னால் பார்த்த பின் சீட்டும் ஏர்பேக்கும் உள்ள 2020-க்குப் பிந்தைய தாரோ, 2023-ல் வந்த ஜிம்னியோ பழசாக வரும்போது பார்ப்பது நல்லது. ஆசை இரண்டு வருஷம் காத்திருக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு தாள் எடுத்துப் போங்கள். நடுவில் கோடு போட்டு இடது பக்கம் விலை உள்ள குறைகள், வலது பக்கம் விலை இல்லாதவை. உதாரணத்துக்கு, நல்ல நிலையில் 5 லட்சம் போகிற வண்டி, இடது பக்கம் கூட்டினால் 70,000 என்று வைத்துக்கொள்வோம். பிரித்த பிறகு ஏதாவது கூடுதலாகக் கிளம்பும் என்பதால் அதோடு இன்னும் 20,000 சேருங்கள். 4,10,000-க்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். வலது பக்கம் ஒரே ஒரு வரி எழுத வேண்டி வந்தாலும் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, புரோக்கர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். டீக்குக் காசு நீங்களே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, மனசு இளகாது :-)