மட்டை பிடிக்கவா, மேடை போடவா?

மும்பை தாதரில் சிவாஜி பார்க். 1925-ல் மாநகராட்சி திறந்த மைதானம். ஏறக்குறைய 28 ஏக்கர். முதலில் மாஹிம் பார்க், 1927-ல் சிவாஜி பெயர் வந்தது. சச்சினுக்கு அச்ரேகர் பயிற்சி கொடுத்த மண் இதுதான். ஒரே நேரத்தில் பத்து ஆட்டம் நடக்கும். யார் பந்து யார் காலில் விழுகிறது என்றே தெரியாது!

1966-ல் சிவசேனையின் முதல் தசரா கூட்டமும் இங்கேதான். அப்புறம் மேடைக்குப் பஞ்சமே இல்லை. இரைச்சல் தாங்காமல் குடியிருப்போர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் ஐகோர்ட் 'அமைதி மண்டலம்' என்றது. அரசோ சில நாட்களுக்கு விதிவிலக்கு கொடுத்துவிட்டது. செம்மண் புழுதி வேறு வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது.

கூட்டம் போடுகிறவர்கள் போடட்டும். பந்தல் குழியை யார் மூடுவது, பையன்களா? மறுநாள் காலைக்குள் மூடாவிட்டால் டெபாசிட் காலி என்று மாநகராட்சி கறாராகச் சொல்லட்டும்.