ரேகை வைக்க மறுத்தவர்கள்

தொழிற்சங்க வரலாறு பேச வருகிற தோழர்கள் 1908 தூத்துக்குடி கோரல் மில்லில் தொடங்குவார்கள். 1918 சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு வருவார்கள். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்ததை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். கோலார் தங்கவயல் அந்தப் பட்டியலில் வருவதே அபூர்வம். அது நம்ம சனத்தோட வரலாறு என்பதாலா?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பண்ணையாரை உதறிவிட்டுப் போனவர்கள்தான் பெரும்பாலும் குழிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. பாறை வெடித்துச் செத்தவர்கள் போக, மிச்சப்பேர் நுரையீரலில் கல்தூசியைச் சுமந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது. வந்தது சுரங்க எந்திரத்துக்கு.

சங்கம் வருவதற்கு முன்பே அங்கே வாசிப்பு வந்துவிட்டது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேர்விட்டது. நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். இந்த மண்ணில்தான் 1930 வேலைநிறுத்தம் வெடித்தது. அங்கீகாரம் பெற்ற சங்கம் எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் குழிக்குள் இறங்கவில்லை. எதற்காக? தொழிலாளியின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து! குற்றப்பரம்பரைச் சட்டத்தில் ரேகை பிடித்த காலம் அது. உழைக்கிறவனை முன்கூட்டியே திருடன் ஆக்காதே என்றார்கள். மானத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் அது.

1940-களில் செங்கொடிச் சங்கம் வந்தது. 1946 நவம்பர் 4-ல் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். அந்தத் தியாகத்தை யாரும் மறுக்க முடியாது. 1954-ல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, 1943-ல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தவர் அவர். பிறகு அந்தத் தொகுதியில் கம்யூனிஸ்டும் ஜெயித்தார், குடியரசுக் கட்சியும் ஜெயித்தது. கூலி ஒரு கொடிக்கு, மானம் இன்னொரு கொடிக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1930-ல் இரண்டும் ஒரே கையில் இருந்தன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது அந்தக் கை இல்லை.

இதை விஸ்வநத்தத்தில் ஏன் பேசணும்? தங்கவயலில் ரேகை கேட்டான். இங்கே உள்குத்தகைக்கு விட்ட பயர் ஆபீஸ்களில் பலருடைய பேரே பதிவேட்டில் ஏறுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் கருகிச் செத்த பிறகும் வெடிவிபத்து நிற்கவில்லை. வெடித்த பிறகு செத்தவர் இங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்க வீட்டுக்காரர்கள் அலைகிறார்கள். திருடன் என்று எழுதுவது ஒரு அவமானம். ஆளே இல்லை என்று எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய அவமானம்.

ஆகவே சங்கத்தில் இருக்கிற தோழர்களிடம் கேட்போம். பீஸ் ரேட்டை உயர்த்தக் கேளுங்கள், வேண்டாம்னு சொல்லல. அதோடு, வேலைக்கு ஏறும் முதல் நாளே பதிவேட்டில் பெயர், கையில் அடையாள அட்டை என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள். மருந்து கலக்குறது எந்தத் தெரு ஆளு, கணக்கு எழுதுறது எந்தத் தெரு ஆளு, சங்க நிர்வாகக் குழுவில் உட்காருறது யாரு — இதையும் கூட்டத்திலேயே பேசுங்கள். பேசினால் ஒற்றுமை உடைந்துவிடும் என்பவர்களுக்கு ஒரே பதில்: பேசாமல் விட்டதால்தான் 1921-ல் உடைந்தது.