தேரில் ஏற்றினோம், திடல் கொடுத்தோமா?

2021 ஜனவரியில் நடராஜன் ஆஸ்திரேலியாவிலிருந்து சின்னப்பம்பட்டிக்குத் திரும்பிய நாளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாரட் வண்டி, மேளதாளம், ஊரே தெருவில். ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் ஆட்டக்காரர். "நம்ம ஊர்ப் பையன்" என்று நாமக்கல்காரர்களும் சொந்தம் கொண்டாடினோம். டி.வி. முன்னால் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

"திறமை இருந்தால் தானே மேலே வருவான்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறோமே, அதைப் போன்ற பொய் வேறில்லை. நடராஜனின் அப்பா கூலித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை போட்டவர். இருபது வயது வரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். அந்தத் திறமை தானாகவா சென்னைக்குப் பஸ் ஏறியது? அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் கண்டுபிடித்து, சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆட வழி செய்தார். 2015இல் ரஞ்சி ஆடியதும் பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. அப்போதும் கூட நின்றவர்கள் இருந்ததால்தான் மீண்டு வந்தார். அந்த நன்றியை ஐ.பி.எல். சட்டையின் முதுகில் 'ஜே.பி.நட்டு' என்று எழுதிக் காட்டினார்.

அதோடு நிற்கவில்லை. இருவரும் ஊரிலேயே பயிற்சி தொடங்கினார்கள். 2019இல் டி.என்.பி.எல்.லில் கலக்கிய பெரியசாமியும் அதே சின்னப்பம்பட்டிக்காரர்தான். ஒரே ஊரில் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் வந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா? 2023 ஜூனில் நடராஜன் தன் பெயரிலேயே அங்கு மைதானம் அமைத்தார், தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். மகிழ்ச்சிதான். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திடல் வேண்டும் என்றால், அந்த ஊரில் ஒருவன் இந்தியாவுக்கு ஆடிச் சம்பாதித்துத் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

பெரியவர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும், நானே சொன்னவைதான். கிரிக்கெட்டால் படிப்பு கெடும் என்போம். இன்று படிப்பைக் கெடுப்பது உள்ளங்கையில் இருக்கும் செல்போன். கிரிக்கெட் வந்து கபடி அழிந்தது என்போம். கபடிக் களத்தையும் நாம்தானே கட்டடமாக்கினோம்? டோர்னமென்ட் நடத்தினால் குடியும் சண்டையும் வரும் என்போம். இதில் உண்மை உண்டு. ஆனால் பெரியவர்கள் நாலு பேர் போய் உட்கார்ந்தால் பாதி சண்டை வராது. நாம் போவதில்லை, குறை மட்டும் சொல்கிறோம்.

எங்கள் ஊர்ப் பையன்கள் தறியிலும், லாரி பட்டறையிலும், வடநாட்டுக்குப் போகும் ரிக் வண்டிகளிலும் வேலை செய்கிறவர்கள். பொங்கலுக்கு வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பந்து வாங்கி, மைக் செட் கட்டி, மூன்று நாள் ஆடுவார்கள். சாதி பார்க்காமல் பதினோரு பேர் ஒரே பக்கம் நின்றதை எங்கள் ஊரில் நான் பார்த்தது அந்த மந்தைவெளியில் மட்டும்தான். ஏரி நிறைந்த வருஷங்களில் அவர்களுக்கு இருந்த ஒரே இடமும் அதுதான்.

அந்த மந்தையில் கடைகள் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, ஊருக்கு வாடகை வரும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கூச்சம் என்றேனே, இதுதான். இன்று அந்தக் கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பையன்கள் தார் ரோட்டில் ஆடுகிறார்கள். ஒவ்வொரு முறை லாரி வரும்போதும் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு ஓரம் போகிறார்கள்.

உங்கள் ஊரில் திடல் இன்னும் மிச்சம் இருந்தால், அடுத்த கிராம சபைக்குப் போங்கள். இன்ன சர்வே எண் விளையாட்டு மைதானம், வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் எழுத வையுங்கள். பையன்கள் கேட்டால் விரட்டுவார்கள். நரைத்த தலை எழுந்து கேட்டால் மைக்கைக் கொடுப்பார்கள். அந்த மரியாதையை நான் ஒருமுறை தவறான தாளில் செலவழித்துவிட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.