பாட்டு மங்கும் இடம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மாலை நேர மின்சார ரயிலில் பலர் காதிலும் கம்பியில்லாத ஹெட்போன் இருக்கிறது. சிலருக்குக் கழுத்தைச் சுற்றிய நெக்பேண்ட். சிலருக்குக் காதுக்கு ஒன்றாக இரண்டு இயர்பட்ஸ். வண்டலூர் வரை பாட்டு நன்றாக ஓடுகிறது. வயலின் ஒரு காதிலும் மிருதங்கம் மறு காதிலுமாகப் பிரிந்து கேட்கின்றன. ஊரப்பாக்கம் தாண்டும்போது வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. பாட்டு நிற்கிறது. பேசுகிறவரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. ஹெட்போனும் மாறவில்லை, போனும் மாறவில்லை. ஒரு நொடிக்கு முன்பு தெளிவாக இருந்த ஒலி ஏன் மங்கியது?

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. பாட்டும் பேச்சும் ஒரே இணைப்பில்தான் வருகின்றன. ஆனால் இரண்டுக்கும் விதிகள் வேறு. அந்த விதிகளைத் தெரிந்துகொண்டால், இந்தக் கருவியின் மற்றப் புதிர்கள் பலவும் தாமாகவே அவிழும்.

இணைப்பின் பெயர் புளூடூத். சிறு தொலைவுக்கு மட்டும் பயன்படும் வானொலித் தொடர்பு அது. சுவீடனின் எரிக்சன் நிறுவனம் 1994-இல் இதற்கான வேலையைத் தொடங்கியது. போனுக்கும் அதைச் சுற்றியுள்ள கருவிகளுக்கும் இடையிலுள்ள கம்பியை ஒழிப்பது நோக்கம். 1998-இல் எரிக்சன், இன்டெல், ஐபிஎம், நோக்கியா, தோஷிபா ஆகிய 5 நிறுவனங்கள் கூடிப் பொது விதிகளை வகுக்கும் அமைப்பை உருவாக்கின. டென்மார்க்கையும் நார்வேயையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த பத்தாம் நூற்றாண்டு அரசர் ஹரால்டின் பட்டப்பெயர்தான் புளூடூத். பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்று சேர்ப்பதால் அந்தப் பெயர் பொருந்தியது.

புளூடூத் 2400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் இயங்குகிறது. மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகள். குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகள் இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005-இல் விதி வகுத்தது. வீட்டு வைஃபையும் இதே பகுதியைத்தான் பகிர்ந்துகொள்கிறது.

அப்படியானால் ஒரே பெட்டியில் ஐம்பது பேர் ஹெட்போன் போட்டிருந்தால் ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழாதா? விழாது. புளூடூத் இந்தப் பகுதியை 79 சிறு தடங்களாகப் பிரிக்கிறது. போனும் ஹெட்போனும் ஒரே தடத்தில் நிற்பதில்லை. இரண்டும் முன்பே பேசிவைத்துக்கொண்ட வரிசைப்படி, நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறித் தாவுகின்றன. பக்கத்து இருக்கைக்காரரின் ஜோடிக்கு வரிசை வேறு. இரண்டு ஜோடிகள் எப்போதாவது ஒரே தடத்தில் மோதினாலும் அந்த மோதல் ஒரு கணத்துக்குள் முடிந்துவிடும். 2003-இல் இன்னொரு திறனும் சேர்ந்தது: வைஃபை நெரிசல் உள்ள தடங்களைக் கண்டுபிடித்து அவற்றைத் தவிர்த்துவிடுவது. முதன்முதலில் இணைக்கும்போது ‘பேர்’ செய்கிறோமே, அப்போது இரு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் பிறகு நடக்கும் பரிமாற்றத்தை அந்தச் சாவி பூட்டிவைக்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் ரயில் பாதை ஒற்றைத் தடம். அந்தப் பக்கம் அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்குக் ‘கிராசிங்’ என்ற சொல் நன்றாகத் தெரியும். எதிர்வண்டி வந்து சேரும்வரை நம் வண்டி ஸ்டேஷனில் காத்திருக்கும். போவதும் வருவதும் ஒரே தண்டவாளத்தில் முறைவைத்துத்தான் நடக்கும்.

எந்தத் தடத்துக்குத் தாவினாலும், போனுக்கும் ஹெட்போனுக்கும் இடையே ஒரு நேரத்தில் இருப்பதும் அப்படிப்பட்ட ஒற்றைத் தடம்தான். ஒரு நொடி 1600 துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டில் போன் அனுப்பும், ஹெட்போன் கேட்கும். அடுத்த துண்டில் ஹெட்போன் பதில் அனுப்பும்.

பாட்டு ஓடும்போது சரக்கு ஒரு பக்கமாகத்தான் போகிறது. போன் நீளமான சரக்கு ரயிலை அனுப்புகிறது. ஒரே தவணையில் 5 துண்டு நேரத்தை அது எடுத்துக்கொள்ளலாம். ஹெட்போனிடமிருந்து திரும்பி வருவது ‘வந்து சேர்ந்தது’ என்ற சிறு சீட்டு மட்டும். இதனால் நிறைய ஒலித் தகவலை ஏற்ற முடிகிறது. குறுந்தகட்டில் உள்ள இசைக்கு நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் வேண்டும். அதை அப்படியே அனுப்பாமல் சுருக்கிக் கட்டுகிறார்கள். இப்படிச் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எல்லா புளூடூத் இசைக் கருவிகளிலும் கட்டாயம் இருக்க வேண்டிய கோடெக் எஸ்பிசி. நல்ல தரத்தில் அது சுமார் 328 கிலோபிட்டில் இரண்டு காதுக்குமான இசையைக் கொண்டுவந்துவிடும். மூலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். ஆனாலும் காது கேட்காத நுணுக்கங்களைப் பார்த்து விட்டுவிடுவதால், ஓடும் ரயிலில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

பாட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஹெட்போன் வந்த இசையை உடனே ஒலிப்பதில்லை. வீட்டு மாடித் தொட்டிபோல் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு அதிலிருந்து ஒலிக்கிறது. வழியில் ஒரு பகுதி தொலைந்துபோனால் போன் அதைத் திரும்ப அனுப்பும். தொட்டி வற்றுவதற்குள் அது வந்துவிடும். இந்தச் சேமிப்பின் விலை தாமதம். போன் அனுப்பிய ஒலி காதில் விழ நொடியில் ஐந்தில் ஒரு பங்குபோல ஆகிறது. படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை; காட்சியையும் அதே அளவு தாமதித்துக் காட்ட போனுக்குத் தெரியும். ஆனால் தாளச் செயலியைக் காதில் வைத்துக்கொண்டு மிருதங்கம் பழகுகிறவருக்குத் தெரியும். அவருக்குக் கம்பி ஹெட்போன்தான் சரி.

அழைப்பு வந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் மாறுகிறது. இப்போது குரல் இரண்டு பக்கமும் போக வேண்டும். தாமதமும் கூடாது; தாமதித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். ஆகவே தொட்டி கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. சரக்கு ரயிலுக்குப் பதில் இரு பக்கமும் அட்டவணைப்படி ஓடும் சிறிய வண்டிகள் வருகின்றன. ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட் மட்டுமே ஒதுக்கப்படுகிறது. தொலைந்த பகுதியைத் திரும்ப அனுப்ப நேரம் மிகக் குறைவு. இடம் வலம் பிரிவும் போய், இரண்டு காதிலும் ஒரே ஒலி வருகிறது.

இவ்வளவு குறைவாக ஏன் ஒதுக்கினார்கள்? விதி எழுதிய 1990-களின் இறுதியில் அவர்கள் கண்முன் இருந்தது அன்றைய டெலிபோன். டெலிபோனே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தியது. காதோடு பேசும் கருவிக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. பேச்சின் பொருள் அந்த அளவுக்குள் வந்துவிடும். ஆனால் ‘ஸ’, ‘ஃப’ போன்ற உராய்வொலிகளின் கூர்மை 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது அறுபட்டுப்போவதால்தான் போனில் பெயரைச் சொல்லும்போது ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011-இல் புளூடூத் பேச்சுக்கு அகன்ற ஒலி முறை வந்தது. சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். 4ஜி வழியாகச் செல்லும் இன்றைய அழைப்புகளும் அந்த அகலத்தைத் தருகின்றன. போன், ஹெட்போன், இரு பக்க நெட்வொர்க் என எல்லாம் ஒத்துப்போனால் குரல் தெளிவாகவே இருக்கும். ஒன்று பின்தங்கினாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஒருவரிடம் பேசும்போது தெளிவாகவும், இன்னொருவரிடம் மங்கலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பரனூரை ஒட்டிய தொழில் வளாகத்திலோ சிறுசேரியிலோ வேலை செய்கிறவர்கள் இதை லேப்டாப்பில் பார்த்திருப்பார்கள். ஒரே கருவி அதில் ‘ஹெட்போன்’ என்றும் ‘ஹெட்செட்’ என்றும் இரண்டு பெயரில் வரும். முதலாவது இசை விதி, இரண்டாவது பேச்சு விதி. காணொலிக் கூட்டத்தில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்துகொண்டால், ஹெட்போன் இசை விதியிலேயே நிற்கும். காதுக்கு வரும் குரலும் தெளிவாகும். சாதாரண போன் அழைப்பில் இந்த வழி கிடையாது.

இந்தக் குறையை அடியோடு தீர்க்கும் புது முறை வந்திருக்கிறது. எல்இ ஆடியோ என்று பெயர். 2020-இல் அறிவிக்கப்பட்டு, அதன் விதிகள் 2022-இல் நிறைவுற்றன. எல்சி3 என்ற புதிய கோடெக் குறைந்த இடத்தில் நல்ல ஒலியை இரண்டு பக்கமும் கடத்துகிறது. போன், ஹெட்போன் இரண்டிலும் எல்இ ஆடியோ இருக்க வேண்டும். வாங்கும்போது பெட்டியின் மேல் பார்க்க வேண்டிய சொல் அதுதான்.

இப்போது கடற்கரைக்குப் போவோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரும் ஒருவர் கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் நடக்கிறார். அலை ஓசையைத் தவிர வேறு தொந்தரவு இல்லாத திறந்த வெளி. பாட்டு இங்கேதான் தடையில்லாமல் கேட்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் வலது பையில் போனும் இடது காதில் பட்ஸும் இருந்தால் விட்டுவிட்டுக் கேட்கிறது. நெரிசலான ரயில் பெட்டியில் இப்படி ஆகவில்லையே?

இதற்குக் காரணம் நம் உடல். உடலில் பெரும்பகுதி உப்பு கலந்த நீர். 2400 மெகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக விழுங்கிவிடும். பையிலிருந்து எதிர்ப்பக்கக் காதுக்கு உடலை ஊடுருவி வரும் அலை மிகக் குறைவு. அறையிலும் ரயில் பெட்டியிலும் இந்தக் குறை தெரிவதில்லை, ஏனெனில் அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, சுற்று வழியில் காதை அடைந்துவிடுகிறது. கடற்கரையில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கடலை நோக்கிப் போன அலை திரும்புவதில்லை. போனைச் சட்டைப் பைக்கோ, விட்டுவிட்டுக் கேட்கும் காது இருக்கும் பக்கத்துப் பைக்கோ மாற்றினால் போதும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல மாலை நடைகள் ஆயின.

அழைப்பு வந்தால் அங்கே வேறு ஒரு தொல்லை. காதருகே உள்ள சிறு மைக்கின்மேல் கடற்காற்று சுழன்று மோதுகிறது. நமக்கு அது தெரியாது; மறுமுனையில் இருப்பவருக்கு ‘ஓ’வென்ற இரைச்சல் மட்டும் கேட்கும். நல்ல கருவிகளில் இரண்டு மூன்று மைக்குகள் இருக்கும். குரல் எல்லா மைக்கிலும் ஒத்த வடிவில் பதியும். காற்றின் சுழல் ஒவ்வொன்றிலும் வேறாகப் பதியும். அந்த வேறுபாட்டை வைத்து இரைச்சலைக் குறைக்கிறார்கள். பலத்த காற்றில் அதற்கும் எல்லை உண்டு. அப்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று, போனையே காதில் வைத்துப் பேசுவது எதிர்முனைக்காரருக்குச் செய்யும் உதவி.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. கடல் உப்பும் வியர்வை உப்பும் சார்ஜ் ஏற்றும் உலோகப் புள்ளிகளை அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கம்பி போனதால் இழந்தது ஒன்று உண்டு. போனில் எஃப்எம் கேட்க ஹெட்போன் கம்பிதான் ஏரியலாக இருந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவில் டவர் செயலிழந்தால் செய்தி கொண்டுவரக்கூடியது வானொலி. பேரிடர்க் காலத்தை மனத்தில் வைத்து, போன்களில் எஃப்எம் வசதியை முடக்காமல் வைத்திருக்குமாறு ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-இல் தயாரிப்பாளர்களை அறிவுறுத்தியது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் பழைய கம்பி ஹெட்போன் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

கதிர்வீச்சு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஹெட்போன் வகை புளூடூத் வெளியிடும் ஆற்றல் வழக்கமாக 2.5 மில்லிவாட்டுக்குள் அடங்கும். 4ஜி போன் அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை வெளியிடும். காதுக்கு உண்மையான ஆபத்து ஒலியின் அளவில் இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் வரை பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டெசிபெல் ஒலியின் வலிமையை அளக்கும் அலகு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. திறந்த ஜன்னல் ரயிலில் சக்கர இரைச்சலுக்கு மேல் பாட்டைக் கேட்க நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் கல் அறுக்கும் கிரைண்டர் ஓடும்போது பாட்டுக் கேட்பவர்களும் அதையே செய்கிறார்கள். அங்கே வேண்டியது காது அடைப்பான்; அதன் இடத்தைப் பாட்டால் நிரப்ப முடியாது.

இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் இதற்கு ஓரளவு உதவுகிறது. வெளி ஒலியை மைக்கால் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வது அதன் வேலை. ஒரே சீராகத் தொடரும் தாழ்ந்த ஒலிகளில் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறுதல்; ஒலியைக் குறைத்தே கேட்கலாம். ஆனால் தூரத்தில் வரும் ரயிலின் உறுமலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் வரும் பேருந்தின் எஞ்சின் ஒலியும் அதே வகை ஒலிகள்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. நம்மை எச்சரிக்க வேண்டிய ஒலியையே கருவி முதலில் அழித்துவிடுகிறது.

உட்கார்ந்திருக்கும் இடத்தில் இந்தக் கருவி நல்ல துணை என்றுதான் நினைக்கிறேன். சாலையோரம் நடக்கும்போது ஒரு காதைத் திறந்து வைப்பது போதுமானதாக இருக்கலாம். தண்டவாளத்தைக் கடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சட்டம் இருந்தும் கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இடையே கடக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மேம்பாலத்தில் ஏறும் வரைக்குமாவது இரண்டு பட்ஸையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம். பேசிக்கொண்டிருப்பவரிடம் ‘ஸ்டேஷன்ல இறங்குறேன், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்’ என்றால் அவர் ஒன்றும் தப்பாக நினைக்கமாட்டார்.