பழகிவிடும் என்பது பொய்



நாம் அறிந்த மரப்பால் வெள்ளை. பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரத்தைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடிகிறது. பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா என்பது அதன் பெயர். அந்தப் பாலை உலர்த்தி நிறுத்தால் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிக்கல் என்று 1976இல் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். நிக்கல் ஒரு கன உலோகம். அளவு மீறினால் பெரும்பாலான செடிகளின் வேர் வளராது, இலை வெளுக்கும். இம்மரமோ அந்த நஞ்சைச் சுமந்துகொண்டே செழித்து நிற்கிறது.

எப்படி? விடை மரபணுவில் இருக்கிறது. மரபணு என்பது தாய்மரம் வித்தின் வழியே பிள்ளைமரத்துக்குக் கொடுத்தனுப்பும் கட்டளை. அதே தீவில் நிக்கலைச் சேர்க்கும் இன்னொரு செடி உண்டு. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிக்கலை உயிரணுவுக்குள்ளேயே ஒரு தனி அறையில் தள்ளிப் பூட்டும் மரபணு அதில் இருப்பதை 2014இல் எடுத்துக்காட்டினார்கள். நிக்கலைச் சேர்க்காத அதன் பங்காளிச் செடியிலும் அதே மரபணு உண்டு, திறமையும் அதேதான். ஆனால், முதற்செடியில் அது பன்மடங்கு மும்முரமாக வேலை செய்கிறது. வேறுபாடு அதுவே.

இந்த ஏற்பாடு ஒரு நாளில் வந்ததன்று. உலோக மண்ணில் விழுந்த வித்துகளில் தாங்காதவை மடிந்தன, தாங்கியவை வித்திட்டன. எண்ணற்ற தலைமுறைகள் இப்படிக் கழிந்தன. இன்று நிற்கும் மரத்தை நாம் வியக்கிறோம். மடிந்தவற்றின் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. தோட்டத்தில் மருந்தடிக்கும் தோழர் தலை சுற்றுகிறது, தோல் எரிகிறது என்றால், "புதிதில் அப்படித்தான், பழகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் களையை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். அது பாஷாணம். பாஷாணம் மனிதனுக்குப் பழகுமா? உலோகத்தைக் கட்டிவைக்கும் புரதம் நம் உடலிலும் உண்டு. அதன் வலிமைக்கு எல்லையும் உண்டு. மரத்தின் பூட்டறை நமக்கில்லை. கேட்மியம் புகுந்தால் சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்குகிறது. ஆர்சனிக் ஆண்டுக்கணக்கில் புகுந்தால் தோலிலும் நுரையீரலிலும் புற்றுநோய் வருகிறது. எரிச்சல் குறைந்தால் நஞ்சு குறைந்தது என்று பொருளன்று.

ஆர்சனைட் போனபின் பாரகுவாட் வந்தது. அது உலோகமன்று, ஆனால் கொடிய நஞ்சு. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. ஒன்று போனால் இன்னொன்று வரும். ஆகவே ஒவ்வொரு பெரட்டிலும் நாம் கேட்க வேண்டியவை இவை: தெளிக்கும் மருந்தின் பெயரென்ன, கேடென்ன? கையுறை, முகமூடி, காலணி எங்கே? வேலை முடிந்ததும் கழுவ நீர் எங்கே? 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வழங்கவேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்கு நிர்வாகம் நம்மிடம் காசு பிடிக்கக் கூடாது. அதையும் அறிந்து கேளுங்கள்.

மரத்தால் நஞ்சு மண்ணை விட்டு நகர முடியாது; வாய் திறந்து முறையிடவும் முடியாது. அதனால் மரபணுவை நம்பி நிற்கிறது. நமக்கு வாயுண்டு, சங்கமும் உண்டு.