மயக்கம் தீர்ந்த பின் மென்பொருள்

நாமக்கல் கோழிப் பண்ணையாளர் ஒருவர், தம் கணக்குக்கென மென்பொருள் ஒன்று வேண்டி, "முட்டைக்கு அன்றைய விலையைப் போட வேண்டும், வியாபாரி விலையை மாற்றினால் உடனே தெரிவிக்க வேண்டும்" என்று எழுதித் தருவதாகக் கொள்வோம். 1982-இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையா, அதில் ஒரு தொகையைக் கழித்து வியாபாரி உண்மையில் கொடுக்கும் விலையா, யார் யாருக்குத் தெரிவிப்பது என்பனவெல்லாம் அச்சொற்களுள் மறைந்து நிற்க, பொறியாளர் தமக்குத் தோன்றிய பொருளையே சத்தியமெனக் கொண்டு வேலையை முடித்துவிடுவாராயின், பிழை வெளிப்படுவது பணம் கைமாறிய பின்னரே.

இத்தகைய சந்தேகங்களை முன்கூட்டியே காட்டும் மொழியாய்வுக் கருவிகள் புதியன அல்ல. அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1990-களிலேயே, தேவை ஆவணங்களில் 'போதுமான', 'தகுந்தவாறு' போன்ற உறுதியற்ற சொற்களை எண்ணிக் காட்டும் கருவியொன்றை அமைத்தனர். 'மயங்க வைத்தல்' என்பதை நூற்குற்றம் பத்தினுள் ஒன்றாக வகுத்த நன்னூலை உடைய நமக்கு இம்முயற்சி அந்நியமன்று.

ஆயினும், கருவி ஐயத்தைச் சுட்டுமேயன்றித் தீர்க்காது. தீர்க்கும் ஞானம் தொழிலில் உழல்பவரிடமே உள்ளது. ஆதலால் சேலத்திலும் நாமக்கல்லிலும் மென்பொருள் செய்வோர், தேவைகளை வாடிக்கையாளரின் தமிழிலேயே முதலில் எழுதி, கருவியால் சோதித்து, எழும் ஒவ்வொரு வினாவுக்கும் அவரிடமே விடைபெற்ற பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். அதற்கு, 'யார் தெரிவிப்பது' என்பதுபோல் தமிழ் வாக்கியத்தில் மறைந்து நிற்கும் எழுவாயைக் கண்டறியும் கருவிகளை உருவாக்க நம் கல்லூரிகள் முன்வருதல் வேண்டும்.